கதவுகள் மிகுந்த விடுதி

நூல்களின் காலம் முடிந்துவிட்டது என்று நூலெழுதிப் புகழ்பெற்ற ஒருவரே கூறும்போது, நாம் சற்று ஐயத்துடனேயே செவிசாய்க்க நேரிடுகிறது. அமெரிக்கப் புதின ஆசிரியர் இராபர்ட் கூவர், 1992 ஜூன் மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் ஏட்டின் நூல் மதிப்புரைப் பகுதியில் 'நூல்களின் முடிவு' என்னும் கட்டுரையை எழுதினார். தலைப்பைக் கண்டு அவரை ஆரவாரக்காரர் என ஒதுக்கிவிடுதல் முறையன்று. பிரௌன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் கணிப்பொறியின் முன் அமர்த்தி, புதுவகைக் கதையெழுதப் பயிற்றுவித்த ஆசிரியர் அவர். அந்த வகுப்பின் அனுபவமே அக்கட்டுரையாயிற்று.

அக்கதைகளுக்கு மீயுரை என்று பெயர். ஒரு சொல்லைத் தொட்டால் வேறொரு பக்கம் திறக்கும், அங்கிருந்து மற்றொன்று. முதற்பக்கமும் கடைசிப் பக்கமும் இல்லை. இன்று கைப்பேசி பிடித்த சிறுவனுக்கும் இது பழகிய செயலே. அன்றோ, இணையவலை பொதுமக்கள் கைக்கு வந்து சேரவில்லை.

கூவரின் மாணவர்கள் தனித்தனியே எழுதியதோடு, 'ஓட்டல்' என்ற ஒரு கூட்டுக் கதைக்களத்திலும் எழுதினர். எவரும் அவ்விடுதிக்குள் புகலாம். புதிய அறைகளையும் நடைகளையும் கட்டலாம். பிறர் எழுதியதன் இணைப்பை அறுக்கலாம். பிறர் படைத்த பாத்திரத்தைக் கொன்றுவிடவும் செய்யலாம். விடுதியின் தண்ணீர்க் குழாய்களைக் கெடுத்துவைக்கும் குறும்புக்கும் இடமிருந்ததாகக் கூவர் எழுதுகிறார்.

பயிற்சி முறை என்ற அளவில் இதனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். எழுத்துப் பயிலும் மாணவன் பெரும்பாலும் தன் எழுத்தையே படிப்பவன். அடுத்த இருக்கைக்காரனின் கதை அவன் கண்ணில் படுவதே அரிது. இவ்விடுதியிலோ பிறர் அறையைக் கூர்ந்து படிக்காமல் தன் அறையைக் கட்ட இயலாது. தன் பாத்திரம் மறுநாள் உயிரோடிருக்குமா என்ற கவலை அவனை நல்ல வாசகனாக்கிவிடும்.

ஆனால் இலக்கியம் என்ற அளவில்? விடுதியில் தங்கியோர்க்கு அது களிப்பு. வெளியிலிருந்து வரும் விருந்தினன், எந்தக் கதவைத் திறப்பது, ஏன் திறப்பது என்று அறியாது நடையிலேயே நின்றுவிடுவான். எல்லாமே நடுப்பகுதியாயின், எழுதுவோனும் படிப்போனும் முடித்துவிட்டதை எவ்வாறு அறிவது என்று கூவரே அக்கட்டுரையில் வினவுகிறார். வினாவை எழுப்பிய நேர்மை அவருடையது. அதற்கு விடை தேடுமுன்னரே நூலுக்கு முடிவுரை எழுதத் துணிந்தது அவரது அவசரம்.

விடையின் ஒரு பகுதியையேனும் தந்தவர் அதே பல்கலைக்கழகத்தில் பயின்ற ஷெல்லி ஜாக்சன் என்போம். 1995இல் நெகிழ்தட்டில் வெளிவந்த அவரது 'பேட்ச்வொர்க் கேர்ள்', ஒட்டுத்துணிப் பெண்ணின் கதை. மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' (1818) புதினத்தில் விஞ்ஞானி பாதியில் சிதைத்துவிடும் பெண்ணுருவை, இங்கே மேரி ஷெல்லியே தைத்து முடிக்கிறாள். அவ்வுடலின் உறுப்புகள் வெவ்வேறு உடல்களிலிருந்து வந்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. துண்டுகளை இணைத்துப் படிக்கும் வாசகனும் தையற்காரனாகிறான். இங்கே இணைப்புக்குக் காரணம் இருக்கிறது. கதைப்பொருளே அதைக் கேட்கிறது. காரணமின்றி வைத்த கதவுக்கும் இதற்கும் உள்ள தொலைவே வகுப்பறையில் முதலிற் கற்பிக்க வேண்டியது என்பது நம் துணிபு.

1999இல் அட்லாண்டா நகரில் பேசிய கூவர், மீயுரையின் பொற்காலம் கடந்துவிட்டதென வருந்தினார். சொற்களால் ஆன கதைகளை, படமும் ஒலியும் மலிந்த இணையவலை ஓரங்கட்டிவிட்டது என்பது அவர் குறை. நூலுக்கு நாள் குறித்து ஏழாண்டுகள்தாம் ஆகியிருந்தன! ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. அதே ஆண்டில் மின்னிலக்கியத்துக்கென ஓர் அமைப்பை நிறுவுவதிலும் பங்குகொண்டார். 2024இல் மறையும்வரை அச்சு நூல்களையும் எழுதிவந்தார்.

அக்காலத்து நெகிழ்தட்டுக் கதைகளை அவை பிறந்த வடிவிலேயே படிக்க விழைவோர், பழைய கணிப்பொறிகளைப் பேணிவரும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் போன்ற இடங்களை நாட வேண்டியுள்ளது. 1992 ஜூன் மாதத்து ஏட்டைப் படிக்கவோ, மூக்குக்கண்ணாடி ஒன்றே போதும்.