பெயர்ப் பட்டியலைக் கண்டு அஞ்சுவோருக்கு

அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்து நாக்ஸ்வில் நகரில், 2009-ஆம் ஆண்டு ஆஷ்லி காப்ஸ் என்பவர் தொடங்கிய ‘பிக் இயர்ஸ்’ என்ற சங்கீத விழாவின் கலைஞர் பட்டியல் வெளியாகும்போதெல்லாம், இசையில் மெய்யான பற்றுடைய என் நண்பர்கள்கூட, “தெரிந்த பெயர் ஒன்றும் இல்லையே” என்று சொல்லி ஒதுங்கிவிடுவதைப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. விருந்துக்குச் செல்பவர் சமையற்காரரின் பூர்வோத்தரத்தை விசாரித்த பிறகா இலையின் முன் உட்காருகிறார்?

பாலபாடத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். பெயரைப் பார்க்குமுன் வாத்தியத்தையும் இடத்தையும் பாருங்கள். கேய் வீதியில் 1909-ல் திறந்த பிஜூ அரங்கும் 1928-ல் திறந்த டென்னஸி தியேட்டரும் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன; தேவாலயத்திலும் கச்சேரி உண்டு. ஒரு நாளைக்கு மூன்று கச்சேரி போதும். முதல் பத்து நிமிஷம் எழுந்திருக்காதீர்கள். இவ்வளவுதான்.

இனி, இவ்விழாவில் ஒலிக்கும் சங்கீதத்தின் உயிர்நிலை என்று நான் கருதும் பேதத்துக்கு வருகிறேன். நிற்கும் நாதம் ஒன்று. சுழலும் நாதம் மற்றொன்று. இரண்டுக்கும் ‘மினிமலிசம்’ என்று ஒரே முத்திரையைக் குத்திவிடும் விமரிசகர்கள், குளத்தையும் ஆற்றையும் தண்ணீர் என்ற ஒரே சொல்லால் வர்ணித்துவிட்டுத் திருப்தியடைபவர்கள்.

இசையமைப்பாளர் லா மான்டே யங் 1960-ல் எழுதிய ஒரு கிருதியில் இரண்டே ஸ்வரங்கள்; அவற்றை நெடுநேரம் பிடித்து நிறுத்த வேண்டும் என்பதே அதன் விதி. அங்கே நகர்வது சங்கீதமன்று, நம் செவி. சுருதி சேர்ந்த தம்புராவை மீட்டிக்கொண்டே இருந்தால், யாரும் தொடாத அந்தர காந்தாரம் தானாகவே எழுந்து பேசுமல்லவா? அந்தச் சுயம்பு ஸ்வரத்துக்காகக் காத்திருக்கும் செவிதான் இங்கே வேண்டியது. யங்கும் மற்றோர் இசையமைப்பாளரான டெரி ரைலியும் ஹிந்துஸ்தானி வித்வான் பண்டிட் பிராண் நாத்திடம் சிஷ்யர்களாக அமர்ந்தது தற்செயல் அன்று.

இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1967-ல் எழுதிய ‘பியானோ ஃபேஸ்’ இதற்கு நேர்மாறானது. இரண்டு பியானோக்கள் பன்னிரண்டு ஸ்வரங்கள் கொண்ட ஒரே தொடரை ஒன்றாக வாசிக்கின்றன. ஒருவர் காலப்பிரமாணத்தை விடாமல் பிடித்திருக்க, மற்றவர் மயிரிழை மயிரிழையாக விரைந்து, இடையே எல்லாம் குழம்பிப்போய், திடீரென்று சரியாக ஒரு ஸ்வரம் முன்னதாகப் பொருந்தி நிற்கிறார். இங்கே செவி அசையாமல் இருக்க வேண்டும். சங்கீதம் நம்மைச் சுற்றி வரும். நிற்பதற்கான செவியோடு சுழல்வதைக் கேட்டால் சலிப்பு. சுழல்வதற்கான செவியோடு நிற்பதைக் கேட்டால் ஏமாற்றம். புதியவர்கள் ஓடிப்போவதற்கு இந்த மாறாட்டமே காரணமென்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

ரைலியின் ‘இன் சி’ (1964) இரண்டையும் ஒரு கூரையின் கீழ் கொண்டுவருகிறது: ஐம்பத்துமூன்று சிறு தொடர்களை ஒவ்வொருவரும் தாம் விரும்பும் மட்டும் திரும்ப வாசித்துக் கடந்து செல்ல, மேல் ஸ்தாயியில் ஒரே ஸ்வரம் நாடி போல் துடித்துக்கொண்டிருக்கிறது. 2010 விழாவின் நாயகராக ரைலி வந்தார். 2014-ல் ரைஷ் வந்தார். பேதம் அறிந்தவர் அவ்விரு ஆண்டுகளிலும் அரங்கினுள் வெவ்வேறு செவிகளோடு நுழைந்திருப்பார்.

ஒரு நாதத்தை நீட்டிவிட்டுத் தியானம் என்று பெயர் சூட்டி, உறக்கத்துக்குத் துணையாக விற்கும் இன்றைய நாகரிகம் ஆழமற்றது. விழித்திருப்பவருக்காகப் பிறந்த கலை இது. புதிய கலைஞர் ஒருவரைப் பழைய இருவரின் கலவை என்று எழுதும் மதிப்புரையும் அத்தகையதே. அதில் மூன்றாமவரைக் கேட்டதற்கான அடையாளமே இராது.

உங்களை நெருங்கியவராக எண்ணி ஒன்று சொல்கிறேன். ‘பியானோ ஃபேஸை’ முதன்முதலில் ஓர் இரவு காதொலிப்பான் மாட்டிக் கேட்டபோது, இரு பியானோவிலும் இல்லாத மூன்றாவது மெட்டு ஒன்று கேட்டது. அடுத்த வீட்டில் யாரோ வாசிக்கிறார்களோ என்று கருவியைக் கழற்றிப் பார்த்தேன். தெரு நிசப்தமாக இருந்தது. மீண்டும் மாட்டினேன், அது அங்கேயே இருந்தது. அந்த மெட்டை எழுதியவர் எவருமில்லை. இரு தொடர்களின் இடைவெளியில் அது பிறந்திருந்தது. அன்று முதல் அறியாத பெயர்கள் என்னை அச்சுறுத்துவதில்லை.

அடுத்த பட்டியல் வரும்போது, தெரியாத ஒரு பெயரின்மேல் விரலை வைத்து, இவர் நிற்பவரா, சுழல்பவரா என்று மட்டும் விசாரியுங்கள்.