கோவில்பட்டி அறிக்கையை எப்படிச் சான்று காட்டுவது?

கரிசல் மண்ணின் மானாவாரிப் பயிரைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதும் எவரும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைத் தாண்டிப் போக முடியாது. 1901இல் தொடங்கிய நிலையம் அது. ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும் பூமி. அங்கே பருவமழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைப்பது, வயலைச் சிறு கட்டங்களாக வரப்பிட்டுத் தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவது என்று பல முறைகளைச் சோதித்துப் பார்த்த இடம். அந்தச் சோதனைகளில் பல ஆண்டறிக்கைகளில்தான் பதிவாகியிருக்கின்றன.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நிலையம் முதலில் அரசு வேளாண் துறையின் கீழ் இருந்தது. 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவான பிறகு அதன் கீழ் வந்தது. அன்று திருநெல்வேலி மாவட்டம். 1986க்குப் பிறகு தூத்துக்குடி. பழைய ஆங்கில அச்சில் ஊர்ப்பெயரே 'கோயில்பட்டி' என்ற எழுத்துக்கூட்டலில் இருக்கும். ஆய்விதழ் கேட்பதோ ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பு, இதழ்ப்பெயர், தொகுதி எண், பக்கம், முடிவில் இணையத்தில் கட்டுரையை அடையாளம் காட்டும் டி.ஓ.ஐ. எண். ஆண்டறிக்கைக்குத் தனி ஆசிரியர் இல்லை, தொகுதி எண் இல்லை. டி.ஓ.ஐ. முறையே 2000ஆம் ஆண்டையொட்டித்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே ஒரே நிலையத்தின் அறிக்கைகளை ஒருவர் துறையின் பெயரிலும், இன்னொருவர் பல்கலைக்கழகத்தின் பெயரிலும், மூன்றாமவர் ஊரின் பெயரிலும் பட்டியலிடுகிறார். படிப்பவருக்கு இவை மூன்று வெவ்வேறு இடங்களாகத் தெரியும். இன்னொரு வழியும் பலருக்குப் பழகியிருக்கிறது: அறிக்கையையே விட்டுவிட்டு, அதை மேற்கோள் காட்டிய வேறு கட்டுரையைக் காட்டிவிடுவது. மூலம் அப்படித்தான் மறைகிறது.

சான்றுப் பட்டியலுக்கு ஒழுங்கு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு கூற்றை யார், எந்த ஆண்டு, எந்த மண்ணில் கண்டார் என்று அடுத்தவர் போய்ப் பார்க்க வழியிருப்பதுதான் அறிவியலின் நேர்மை. அதற்கு ஓர் ஒழுங்கு கட்டாயம் வேண்டும். பெயரும் ஆண்டும் தரும் முறையை ஹார்வர்டின் விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் 1881இல் ஓடில்லா நத்தையினம் ஒன்றைப் பற்றிய கட்டுரையில் கையாண்டார். எண் முறைக்கு 1978இல் மருத்துவ இதழ் ஆசிரியர்கள் வான்கூவரில் கூடி ஒரு பொது வடிவம் கொடுத்தார்கள். அவர்கள் கூடிய நோக்கம் நல்ல நோக்கம். ஓர் இதழ் ஏற்காத கட்டுரையை அடுத்த இதழுக்காக முழுக்கத் திரும்பத் தட்டச்சு செய்யும் வேதனையிலிருந்து எழுதுபவரைக் காப்பதே அது.

அந்த நோக்கத்தை உலகம் கைவிட்டுவிட்டது. சொடேரோ என்ற இலவச மென்பொருளின் களஞ்சியத்தில் இன்று 10,000க்கும் மேற்பட்ட மேற்கோள் வடிவங்கள் இருக்கின்றன. இதழ்ப்பெயர் சாய்வெழுத்தா, தொகுதி எண் தடித்த எழுத்தா, 'மற்றும் பிறர்' என்பது மூன்றாவது பெயருக்குப் பின்னா ஆறாவது பெயருக்குப் பின்னா என்பவைதான் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாடுகளில் பெரும்பாலானவை. ஒரு முதுநிலை மாணவர் மூன்று இதழ்களுக்கு அனுப்பினால் மூன்று முறை அதே பட்டியலைச் செதுக்குகிறார். அந்த உழைப்பில் கரிசலைப் பற்றி ஒரு துளியும் கூடுதலாகத் தெரிவதில்லை. மென்பொருள் இதைக் குறைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இணையத்தில் இருக்கும் கட்டுரையைத்தான் அது தானாக உள்ளிழுக்கும். கோவில்பட்டி அறிக்கையைக் கையால்தான் தட்ட வேண்டும், அங்கேதான் பிழையும் நுழையும்.

வடிவம் சரியாக இருந்தால் உள்ளடக்கமும் சரி என்ற நம்பிக்கை இதைவிட ஆபத்தானது. 2003இல் சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர், 4,300 முறை மேற்கோள் காட்டப்பட்ட ஓர் இயற்பியல் கட்டுரையை எடுத்துக்கொண்டார்கள். 196 மேற்கோள்களில் அச்சுப்பிழை இருந்தது. ஒரே பிழை 78 முறை அப்படியே திரும்ப வந்திருந்தது. மூலத்தைப் பார்த்தவர்களுக்கு இத்தனை பேருக்கு ஒரே தவறு வராது. ஒருவர் பட்டியலிலிருந்து இன்னொருவர் எடுத்திருக்கிறார். மேற்கோள் காட்டுபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்று அவர்கள் கணித்தார்கள். இன்னொரு செய்தி: எல்சவியர் நிறுவனம் தன் எழுத்தாளர் கையேட்டில் மாதிரிக்காகக் கொடுத்த, உண்மையில் எழுதப்படாத ஒரு கட்டுரை நூற்றுக்கணக்கான ஆய்வுகளில் சான்றாக ஏறியிருப்பதை ஆன்-வில் ஹார்சிங் 2017இல் எழுதி வெளிக்கொணர்ந்தார். காற்புள்ளிகள் அத்தனையும் சரி, கட்டுரைதான் இல்லை. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத கட்டுரைகளுக்குக் குறையற்ற வடிவத்தில் சான்று எழுதித் தருகின்றன. ஆகவே புள்ளி, கோடு பார்த்துத் திருப்பி அனுப்பும் நேரத்தை, அந்தச் சான்று இருக்கிறதா என்று பார்ப்பதில் இதழ்கள் செலவிட வேண்டும்.

நம் பெயர்கள் படும் பாடு தனி. தமிழருக்குக் குடும்பப்பெயர் பழக்கம் பொதுவாக இல்லை. ஊர்ப்பெயரோ தகப்பன் பெயரோ முதலெழுத்தாக முன்னால் நிற்கும். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் பெயரில் முதல் எழுத்து ஊர், இரண்டாவது தகப்பனார். அவரை 'ரங்கநாதன், எஸ். ஆர்.' என்று பதிவது எளிது. ஆனால் கடவுச்சீட்டுக்காகத் தகப்பன் பெயரைக் கடைசியில் விரித்து எழுதிய ஒரு பெண் ஆய்வாளரின் கட்டுரைகள் தகப்பன் பெயரில் தொகுக்கப்படும். கல்யாணத்துக்குப் பின் முதலெழுத்து மாறினால் அவர் தரவுத்தளத்தில் இரண்டு ஆளாகிவிடுகிறார். மேற்கோள் எண்ணிக்கையை வைத்துப் பதவி உயர்வைத் தீர்மானிக்கும் இந்நாளில் இது சில்லறைக் குறையல்ல. பெயர் மாறினாலும் ஆய்வாளரை ஒரே ஆளாக அடையாளம் காட்டும், 2012இல் வந்த ஆர்க்கிட் எண் இதற்கு நல்ல மருந்து. அதைப் பயிலரங்குகளில் முதல் நாளே பெற்றுக்கொள்ளச் செய்ய வேண்டும்.

அச்சில் வந்ததற்கே இத்தனை சிக்கல் என்றால், கரிசல் விவசாயியான சம்சாரி வாயால் சொன்ன அறிவுக்கு என்ன வடிவம்? அமெரிக்க உளவியல் சங்கத்தின் (ஏ.பி.ஏ.) மேற்கோள் விதிப்படி நேர்ப்பேச்சு உரைக்குள் மட்டும் நிற்கும், பட்டியலில் ஏறாது. இடைசெவல் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதியாக்கிய பிறகு அவற்றைப் பக்க எண்ணோடு காட்டலாம்; அச்சேறாத ஒரு விதைப்புக் கணிப்பை அப்படிக் காட்ட வழியில்லை. கனடாவில் கிரீ இனத்து நூலகர் லோரிசியா மக்லாட், பழங்குடி மூத்தோரின் சொல்லைப் பட்டியலிலேயே ஏற்றும் மாதிரி வடிவத்தை உருவாக்கி, 2021இல் அதை விளக்கிக் கட்டுரை எழுதினார். பெயர், இனம், ஊர், பேசிய பொருள், தேதி என்று அது போகிறது. சொன்னவரின் சம்மதத்தோடு நம் வேளாண் இதழ்களும் இப்படி ஒன்றை ஏற்கலாம்.

கட்டுரையை முதலில் அனுப்பும்போது எந்த வடிவமானாலும் சீராக இருந்தால் போதும் என்று ஏற்கும் இதழ்கள் பெருகிவருகின்றன. தமிழ்நாட்டு இதழ்கள் அனைத்தும் இதைப் பின்பற்றலாம். அதற்கு ஈடாக மூலப்பிரதி எந்த நூலகத்தில் இருக்கிறது என்ற ஒரு வரியை அவை கண்டிப்பாகக் கேட்கட்டும். நிலையங்களின் பழைய ஆண்டறிக்கைகளைப் பல்கலைக்கழகம் வருடி, ஒவ்வொன்றுக்கும் நிலையான எண் கொடுத்து, அட்டையிலுள்ள பழைய பெயரோடு இன்றைய பெயரையும் அதே பதிவில் சேர்க்க வேண்டும். வேலையைக் கோவில்பட்டியிலிருந்தே தொடங்கலாம். அந்த நிலையத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது.