வயிற்றின் பின்சுவர்

2024 செப்டம்பர் 30ஆம் தேதி ரஜினிகாந்த் சென்னை அப்பல்லோவில் சேர்க்கப்பட்டார். மறுநாள் வந்த மருத்துவமனை அறிக்கை சில வரிகள்தான். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயில் வீக்கம், அறுவை இல்லாமல் குழாய்வழி ஸ்டென்ட் வைத்து அதை முழுதாக அடைத்தாயிற்று என்பது அதன் சாரம். அவருடைய பூர்வீக ஊரான நாச்சிக்குப்பம் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், வேப்பனப்பள்ளிப் பக்கம் இருக்கிறது. அதனால் இங்கே அது ஊர்ச்செய்தி. இரண்டு நாள் ஓசூர் டீக்கடைகளில்கூட 'அயோர்ட்டா' புழங்கியது. தொலைக்காட்சிகள் படம் போட்டு விளக்கின. நான் பார்த்த படங்களில் எல்லாம் ஓர் ஆணின் உடற்கோடு. அதற்குள், மார்பிலிருந்து இறங்கி, வயிற்றின் பின்சுவரில் முதுகெலும்பை ஒட்டி ஓடி, தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரியும் சிவப்புக் குழாய்.

அவர் நலமாக வீடு திரும்பியதில் எனக்கும் மகிழ்ச்சிதான். என் வழக்கு அந்தக் கோட்டுப்படத்தோடு.

முதலில் சொல். நாளிதழ்கள் 'வீக்கம்' என்றன. கால் வீங்கும், முகம் வீங்கும், பிறகு வடிந்துவிடும். பெருநாடியில் நடப்பது அதுவல்ல. குழாயின் சுவர் நைந்துபோய், பழைய சைக்கிள் ட்யூப் ஓரிடத்தில் புடைப்பதுபோல் புடைக்கிறது. அது வடியாது. வயிற்றுப் பெருநாடியின் இயல்பான குறுக்களவு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். 3ஐ எட்டினால் நோய். பெரும்பாலும் வலி காட்டாது. வெடித்தால் பலர் ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதில்லை. கலைச்சொல்லாக 'குருதிநாள நெளிவு' என்றும் எழுதுகிறார்கள். நெளிவு என்றால் வளைந்து போவதல்லவா? நான் 'நாடிப் புடைப்பு' என்றே எழுதுகிறேன்.

சிகிச்சை இரண்டு வகை. வயிற்றைத் திறந்து, நாடியைக் கவ்வியால் இறுக்கி, புடைத்த இடத்தில் டாக்ரான் குழாயைத் தைப்பது பழையது. டாக்ரான் என்பது பாலியெஸ்டர் துணிதான். 1950களில் ஹூஸ்டன் மருத்துவர் மைக்கேல் டெபேக்கி கடையில் துணி வாங்கி, மனைவியின் தையல் மெஷினில் முதல் குழாய்களைத் தைத்துப் பார்த்தார். தையல் கற்றது அம்மாவிடம். மருத்துவ வரலாற்றில் அந்தத் தையல் மெஷினுக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஓசூர் சுற்றுவட்டாரத்தில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

இரண்டாவது வகை 1990இல் புவெனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி செய்துகாட்டியது. தொடை இடுக்கின் தமனி வழியாகத் துணி போர்த்திய ஸ்டென்டை உள்ளே அனுப்பி, புடைப்புக்குள் ரத்தம் போகாமல் அடைப்பது. வயிற்றைக் கிழிக்க வேண்டாம், சில நாளில் வீடு. ஆனால் அந்தக் கருவி போய்ச்சேர இடுப்புத் தமனிகள் போதிய அகலம் வேண்டும். அது பிடித்து நிற்க, புடைப்புக்கு மேலே நாடியின் கழுத்து போதிய நீளம் வேண்டும். பெண்களுக்குப் பொதுவாக இரண்டும் குறைவு. 2017இல் லான்செட் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வில் இந்த முறைக்கு உடலமைப்பு பொருந்தியவர்கள் ஆண்களில் 54 சதவீதம், பெண்களில் 34. சிகிச்சையே வேண்டாம் என்று விடப்பட்டவர்கள் ஆண்களில் 19 சதவீதம், பெண்களில் 34. பெண் உடல் கருவிக்குப் பொருந்தவில்லை என்றுதான் மருத்துவ வாக்கியம் எழுதப்படுகிறது. கருவி பெண் உடலுக்குப் பொருந்தவில்லை என்று எழுதினால் இலக்கணம் கெட்டுவிடாது.

எப்போது சிகிச்சை என்பதற்கும் ஓர் எண் உண்டு: 5.5 சென்டிமீட்டர். அதற்குக் கீழே என்றால் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கவனித்தால் போதும். இந்த எண்ணுக்குப் பின்னால் இரண்டு பெரிய ஆய்வுகள் நிற்கின்றன. 1998இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 1,090 பேர். பெண்கள் ஆறில் ஒரு பங்கு. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு முன்னாள் படைவீரர்களிடம் நடந்தது. 1,136 பேரில் 99 சதவீதம் ஆண்கள். அதே 2002இல், முன்கூட்டியே ஸ்கேன் செய்தால் உயிர் தப்பும் என்று காட்டிய பிரிட்டிஷ் ஆய்வில் 67,800 பேர், அத்தனை பேரும் ஆண்கள். 1998 ஆய்வின் தரவுகளைத் திரும்பப் பார்த்தபோது, பெண்களுக்கு வெடிக்கும் ஆபத்து மூன்று மடங்கு என்று தெரிந்தது. இப்போதைய வழிகாட்டுதல்கள் பெண்களுக்கு 5.0 என்கின்றன. அரை சென்டிமீட்டர் இறக்கித் தந்திருக்கிறார்கள்.

இதற்குப் பதில் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். நோய் ஆண்களுக்குப் பல மடங்கு அதிகம். புகைப்பழக்கம் முதன்மைக் காரணம். பிரிட்டிஷ் அரசு 65 வயது ஆண்களை மட்டும் ஸ்கேனுக்கு அழைப்பதில் செலவுக் கணக்கு சரியாகவே இருக்கலாம். நம் நாட்டில் அப்படி யாரையும் அழைப்பதில்லை. ஆனால் ஒரு நோய் பெண்ணுக்கு அரிதாக வருகிறது என்பதற்காக, வந்தால் எப்படி வரும் என்று படிக்காமலே விட்டதை அந்தக் கணக்கு நியாயப்படுத்தாது.

இனி வயிறு. எங்கள் எல்லைப்புறத்தில் மூன்று மொழி. கன்னடத்தில் 'ஹொட்டெ நோவு', தெலுங்கில் 'கடுபு நொப்பி', தமிழில் வயிற்று வலி. 'கடுபுதோ உந்தி' என்றால் அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்று பொருள். நம்மிடம் பெற்ற வயிறு, ஒரே வயிற்றுப் பிள்ளைகள், வயிறு திறக்கவில்லை. ஆணுக்கு வயிறு இரைப்பை; பெண்ணுக்குக் கருப்பையும் அதுவே. தளியிலிருந்தோ தேன்கனிக்கோட்டையிலிருந்தோ ஒருத்தி வயிறு வலிக்கிறது என்று வந்தால், மாதவிலக்கு, கட்டி, கர்ப்பப்பை, அதையும் தாண்டினால் வாய்வு என்று கேள்விகள் போகும். பின்சுவர் வரை போகிற கேள்வியை நான் அதிகம் கேட்டதில்லை.

இத்தனைக்கும் அதிகம் ஸ்கேன் செய்யப்படுவது பெண்ணின் வயிறுதான். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் அன்றைய தருமபுரி மாவட்டத்துக்கும் வந்தது. கிருஷ்ணகிரி அப்போது அதற்குள் இருந்தது. பெண் சிசுவைக் கொல்லும் கை பிறகு ஸ்கேன் கருவியைப் பிடித்தது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்க 1994இல் சட்டம் வந்தும், தருமபுரிப் பக்கம் சட்டவிரோத ஸ்கேன் கைதுகள் இன்னும் செய்தியில் வருகின்றன. பிரிட்டனில் 65 வயது ஆணின் நாடியை அளப்பதும் இதே அல்ட்ராசவுண்டுதான். சில நிமிட வேலை. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் நாடியை அளக்கச் சொல்லவில்லை. எதைத் தேடி அந்தக் கருவி இங்கே இத்தனை வயிறுகளின் மேல் நகர்ந்தது என்று மட்டும் கேட்கிறேன்.

ஏனென்றால் வயிற்றுக்குள் பெண்களுக்கே அதிகம் வரும் ஒரு நாடிப் புடைப்பும் உண்டு. மண்ணீரல் தமனியில் வருவது. ஆண் ஒருவருக்குப் பெண் நால்வர் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பலமுறை கருவுறுவதை அதன் காரணங்களில் ஒன்றாக அதே நூல்கள் எழுதுகின்றன. ஆண் பிள்ளைக்காக ஐந்தாவது, ஆறாவது என்று பெற்றவர்கள் இந்த மாவட்டத்தில் யார் குடும்பத்தில் இல்லை? தற்செயலாக ஸ்கேனில் தென்பட்டால், கருத்தரிக்கும் வயதுப் பெண்ணுக்கு அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சிகிச்சை செய்துவிட வேண்டும் என்பதே 2020இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல். பெரும்பாலும் தமனி வழியாக உலோகச் சுருள் வைத்து அடைத்துவிடலாம்.

தெரியாமல் விட்டு, கர்ப்ப காலத்தில் வெடித்தால், பதிவான நேர்வுகளில் தாய்மார்களில் பாதிக்கு மேல் இறந்திருக்கிறார்கள். சிசுக்கள் அதைவிட அதிகம். இடது மேல்வயிற்றில் வலி, சில சமயம் தோள்வரை ஏறும், பிறகு மயக்கம். கர்ப்பப்பை கிழிந்துவிட்டதோ என்றுதான் முதலில் சந்தேகிப்பார்கள். வயிற்றைத் திறந்தால் கர்ப்பப்பை நன்றாக இருக்கும். ரத்தம் மேலிருந்து வரும். சிலருக்கு வெடிப்பு இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கசிவு இரைப்பைக்குப் பின்னாலுள்ள சிறு பையில் தேங்கி நிற்க, மயங்கியவள் தெளிந்து எழுந்து உட்கார்வாள். சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்து அந்தப் பை தாங்காமல் ரத்தம் வயிறெங்கும் பரவும். அந்த இடைவேளையில் அவளைக் காப்பாற்ற முடியும். அப்போது அவள் ஹொட்டெ நோவு என்றோ, கடுபு நொப்பி என்றோ, வயிறு வலிக்குதுங்க என்றோதான் சொல்லிக்கொண்டிருப்பாள்.