பங்கரில் போன கோப்பை

2003 பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப். இங்கிலாந்தின் சாண்ட்விச் ஊரில் உள்ள ராயல் செயின்ட் ஜார்ஜஸ் மைதானம். கடைசி நாளில் இன்னும் மூன்று குழிகள்தான் பாக்கி. டென்மார்க்கின் தாமஸ் பியோர்ன் இரண்டு ஸ்ட்ரோக் முன்னிலையில் இருக்கிறார். 16-வது குழி பார் 3, அதாவது மூன்று ஸ்ட்ரோக்கில் முடிக்க வேண்டியது. அவருடைய முதல் ஷாட், குழியைச் சுற்றிக் கத்தரித்த புல்தரையான கிரீனை ஒட்டியிருந்த ஆழமான மணல் பள்ளத்தில், அதாவது பங்கரில், விழுந்தது. அதுவரை பெரிய சேதம் இல்லை. மணலிலிருந்து எடுத்தார். பந்து கிரீனின் விளிம்பில் ஏறி, நிற்கப் பார்த்து, சரிவில் உருண்டு பங்கருக்கே திரும்பியது. மறுபடி எடுத்தார், மறுபடி அதே கதை. மூன்றாவது முறைதான் பந்து மேலே தங்கியது. பாரைவிட இரண்டு ஸ்ட்ரோக் அதிகம், டபுள் போகி. அடுத்த குழியிலும் ஒரு ஸ்ட்ரோக் போனது. உலகத் தரவரிசையில் 396-வது இடத்தில் இருந்த அமெரிக்கர் பென் கர்ட்டிஸ் ஒரே ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் கோப்பையை வென்றார்.

அந்தப் போட்டியின் முதல் நாளிலும் பியோர்னை மணல் பழிவாங்கியிருந்தது. 17-வது குழியில் பந்து பங்கரை விட்டு வெளியேறாத ஆத்திரத்தில் மட்டையால் மணலை ஓங்கி அடித்தார். பந்து பங்கருக்குள் இருக்கும்போது அப்படிச் செய்தால் அன்றைய விதிப்படி இரண்டு ஸ்ட்ரோக் அபராதம். தோற்றது ஒரு ஸ்ட்ரோக்கில். கணக்கை வாசகர்களே போட்டுக்கொள்ளலாம்.

அந்த 16-வது குழியில் பியோர்னின் கை பிசகியதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு முறையும் பந்து சுத்தமாகத்தான் எழும்பியது. பிசகியது இலக்கு. குழியைக் காட்டும் கொடிக்கு நெருக்கமாக, சரிவின் ஓரத்தில் பந்தை இறக்கப் பார்த்தார். கொடியைத் தாண்டி சில அடி தள்ளி இறக்கியிருந்தால் ஒரு போகியோடு போயிருக்கும், முன்னிலையும் மிஞ்சியிருக்கும். கிரீனை ஒட்டிய பங்கரில் ஆட்டத்தைத் தோற்பவர்களில் பெரும்பாலோர் மட்டையை ஓங்கும் முன்பே தோற்றுவிடுகிறார்கள்.

இந்த ஷாட்டின் இயக்கமே வேறு. மற்ற இடங்களில் மட்டை பந்தைத் தொட வேண்டும், இங்கே தொடவே கூடாது. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலில் இறங்கி, தோசைக்கு அடியில் கரண்டி நுழைவதுபோல மட்டை வழுக்கிப் போக வேண்டும். மேலெழும் மணல் பந்தைத் தூக்கிக்கொண்டு போகும். இதற்காகவே, மணலில் ஆடும் மட்டையான சாண்ட் வெட்ஜின் அடிப்பகுதி தடித்து, பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது. அந்தத் தடிப்பை பவுன்ஸ் என்பார்கள். அது இல்லாத பழைய மட்டைகள் மணலைத் தோண்டி உள்ளே புதைந்தன. அமெரிக்கர் ஜீன் சாரசன் மட்டையின் அடியில் ஈயத்தை உருக்கி ஒட்டி இதைச் சரிசெய்தார். அந்த மட்டையோடு 1932 பிரிட்டிஷ் ஓப்பனையும் வென்றார். அவர் வென்ற பிரின்சஸ் மைதானம், பியோர்ன் தோற்ற மைதானத்துக்குப் பக்கத்து மைதானம்.

மணலை மட்டையாலோ கையாலோ சோதித்துப் பார்க்க விதி இடம் தராது. ஆனால் நிலையாக நிற்பதற்காகக் கால்களைப் புதைத்துக்கொள்ளலாம். தேர்ந்த ஆட்டக்காரருக்கு அந்தச் சலுகையே போதும். மேல்மணல் எவ்வளவு ஆழம், அடியில் ஈரமா, கெட்டியா, எல்லாவற்றையும் பாதம் சொல்லிவிடும்.

கங்கைகொண்ட சோழபுரத்து வாசகர்களுக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. இங்கே கோல்ஃப் மைதானம் இல்லை. ஆடுவதானால் சென்னை நந்தனத்துக்கோ, கோவைக்கோ, கொடைக்கானலுக்கோ போக வேண்டும். ஆனால் மணலைப் பற்றி இந்த வட்டாரத்துக்குச் சொல்லித்தர யாரும் தேவையில்லை. கொள்ளிடத்து மணலுக்கும் பெரம்பலூர் கிரஷரில் அரைத்து வரும் எம்-சாண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கொத்தனாரைக் கேட்டால் போதும். ஆற்றில் நெடுந்தூரம் உருண்டு வந்த மணலின் துகள் மழுங்கியிருக்கும், அரைத்த மணலின் துகள் முனை முனையாக இருக்கும். பங்கரிலும் இந்த வித்தியாசம்தான் பேசுகிறது. மழுங்கிய துகள்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. உயரத்திலிருந்து விழும் பந்து அதில் பாதி புதைந்துவிடும். முனையுள்ள துகள்கள் இறுகி நின்று பந்தை மேலேயே தாங்கும். மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அகஸ்டாவின் வெள்ளை வெளேர் மணல், வட கரோலினாவின் ஸ்ப்ரூஸ் பைன் சுரங்கங்களில் ஃபெல்ட்ஸ்பார் எடுக்கும்போது மிஞ்சும் குவார்ட்ஸ். சுண்ணாம்புச் சுரங்கங்களைப் பார்த்து வளர்ந்த அரியலூர்க்காரருக்கு இது அந்நியமான சங்கதியாக இராது.

புதைந்த பந்துக்கு வழக்கமான பாடம் செல்லாது. மட்டையின் முகத்தைத் திறந்து வைத்தால் பவுன்ஸ் மணலில் மோதி எகிறி, பந்தின் தலையில் பட்டுவிடும். முகத்தை மூடி, செங்குத்தாக இறக்க வேண்டும். பந்து தாழ்வாக வெளியே வந்து நெடுந்தூரம் ஓடும். அந்த ஓட்டத்துக்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்குப் பின் இறுகிய ஈர மணலிலும் பவுன்ஸ் எதிரிதான், அங்கே மெல்லிய அடிப்பகுதி கொண்ட மட்டை உதவும். இவற்றையெல்லாம்விடக் கொடியது இறக்கச் சரிவில் நிற்கும் பந்து. பின்னால் மணல் மேடிட்டிருக்கும், முன்னால் பங்கரின் சுவர். தோள்களைச் சரிவுக்கு இணையாகச் சாய்த்து, அடித்த பிறகும் மட்டையைச் சரிவோடு கீழ்நோக்கியே ஓடவிட வேண்டும். பந்தைத் தூக்கிவிடத் துடிக்கும் கையை அடக்குவதுதான் அங்கே பாதி வேலை.

வழியே தெரியவில்லை என்றால் 2019-லிருந்து விதி ஒரு கதவைத் திறந்திருக்கிறது. இரண்டு ஸ்ட்ரோக் அபராதம் ஏற்று, கொடியும் பந்தும் இருக்கும் நேர்கோட்டில் பின்னால் போய், பங்கருக்கு வெளியே பந்தைக் கீழே போட்டு ஆடலாம். இதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்து, பங்கருக்குள்ளேயே நான்கைந்து ஸ்ட்ரோக் விடுகிறவர்கள் உண்டு. அதற்கு இந்த இரண்டு மலிவு. உலகின் முதல்தர ஆட்டக்காரர்களே கிரீனோரப் பங்கரிலிருந்து இரண்டே ஸ்ட்ரோக்கில் குழியை முடிப்பது ஏறக்குறையப் பாதிக்குப் பாதிதான்.

கையையும் இலக்கையும் ஒன்றாக வைத்திருக்கும் இந்தியர் யார் என்று கேட்டால் நான் எஸ்.எஸ்.பி. சௌராசியாவைத்தான் சொல்வேன். ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் கிரீன்களைப் பராமரித்தவரின் மகன். ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடியாக வேலை பார்த்து, பெரிய பயிற்சியாளர் எவரும் இல்லாமல், பார்த்துப் பார்த்துக் கற்றவர். பந்தை நெடுந்தூரம் அடிப்பவர் அல்ல. கிரீனைச் சுற்றி அவர் செய்யும் வேலையைப் பார்த்துச் சக ஆட்டக்காரர்கள், 'சிப்', 'புட்' என்ற குறுந்தூர ஷாட்களைச் சேர்த்துப் பெயரையே திரித்து 'சிப்-புட்-சியா' என்று அழைத்தார்கள். 2016 இந்தியன் ஓப்பனை டெல்லி கோல்ஃப் கிளப்பில் வென்றார். புதர்கள் நெருக்கும் குறுகலான மைதானம் என்பதால் அது அவருக்குத் தோதானது என்றார்கள். 2017-இல் போட்டி குர்கான் டிஎல்எஃப் மைதானத்துக்கு மாறியது. நீளமான மைதானம், ஆழமான பங்கர்கள். வடிவமைத்தவர் கேரி பிளேயர், ஒன்பது மேஜர் பட்டங்கள் வென்றவர், பங்கர் ஆட்டத்துக்கே பேர்போனவர். தூரம் அடிப்பவர்களின் ராஜ்ஜியம் என்று எல்லோரும் எண்ணிய அந்த மைதானத்தில் சௌராசியா 10 அண்டர் பார் எடுத்து, ஏழு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் பட்டத்தைத் தக்கவைத்தார். பந்து எங்கே தவறினால் அடுத்த ஷாட் ஆடமுடியும் என்று முன்கூட்டியே தெரிந்து ஆடுபவருக்குத்தான் அப்படிப்பட்ட மைதானம் வசப்படும்.

சௌராசியாவின் பிள்ளைப் பருவத்தை நினைக்கும்போது நம் மாவட்டப் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்கள். அரியலூரின் கார்த்தி செல்வம் 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்திய ஹாக்கி அணிக்கு அறிமுகமாகி, அந்த ஆட்டத்திலேயே கோல் அடித்தார். கையில் மட்டையும் கண்ணில் குறியும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 18 குழி மைதானம் கட்ட நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். அதை நான் கேட்கவில்லை, இந்தத் தண்ணீர்ப் பஞ்சத்தில் கேட்கவும் கூடாது. ஆனால் ஒரு பயிற்சிப் பங்கருக்கு சில லோடு எம்-சாண்டும், பக்கத்தில் கத்தரித்த புல்தரை கொஞ்சமும் போதும். மாவட்ட விளையாட்டரங்கின் ஒரு மூலையில் இதைச் செய்யலாம். பள்ளிகளுக்கு இரண்டு மூன்று பழைய சாண்ட் வெட்ஜ்களைக் கொடுக்கப் பெரிய கிளப்புகளுக்கும் மனம் வர வேண்டும்.

அதுவரை நீளம் தாண்டும் குழி இருக்கவே இருக்கிறது. பங்கர் ஆட்டத்துக்குப் பயிற்சியாளர்கள் தரும் ஒரு பயிற்சிக்குப் பந்தே வேண்டாம். மணலில் குறுக்கே ஒரு கோடு கிழித்து, கோட்டின் இரு பக்கமும் கால்களை வைத்து நின்று, மட்டை சரியாகக் கோட்டில் இறங்கி முன்னால் வெளியேறுகிறதா என்று பார்க்க வேண்டும். கோட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, ஒவ்வொரு வீச்சுக்கும் கொஞ்சம் நகர்ந்தபடி. முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பள்ளங்கள் கோட்டுக்குப் பின்னால் தொடங்கியிருக்கின்றனவா, முன்னால் தொடங்கியிருக்கின்றனவா என்று மணலிலேயே பதிந்திருக்கும்.