தேயிலைக்குள் ஒரு 'நகரம்'

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நீலகிரியில் 100க்கு 59 பேர் நகரவாசிகள். தமிழகச் சராசரி 48தான். ஊட்டி, குன்னூர் கடைவீதிகளை வைத்து மட்டும் இந்த எண்ணை விளங்கிக்கொள்ள முடியாது. பேரூராட்சி என்று அரசு அறிவித்துவிட்டால் கணக்கெடுப்புக்கு அது நகரம்; அங்கிருப்பவர் என்ன வேலை செய்கிறார் என்ற கேள்வியே எழாது. ஓவேலி, தேவர்சோலை, நடுவட்டம், கீழ்குந்தா எல்லாம் இப்படித்தான் நகரமாயின. லைன் வீட்டிலிருந்து விடியக்காலம் கொழுந்து பறிக்கப் போகிற பெண்ணும் நகரவாசி. அவளிடம் போய்ச் சொன்னால் சிரிப்பாள்.

சிரித்துவிட்டுப் போகிற சங்கதியில்லை இது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் தந்த நூறுநாள் வேலை ஊராட்சிகளுக்கு மட்டும்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் அட்டை கிடைத்தது. இந்தப் பக்கம் அதே கொழுந்தைப் பறித்த குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. ஊராட்சியிலிருந்து பேரூராட்சிக்குப் போவதைத் 'தரம் உயர்த்துதல்' என்கிறது அரசாங்க மொழி. நம்மாளுங்களும் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துப் புழங்குகிறார்கள்.

2004இல் தமிழக அரசு 561 பேரூராட்சிகளைச் 'சிறப்புக் கிராம ஊராட்சி'களாக மாற்றியது. மத்திய அரசின் கிராம நிதி வேண்டியிருந்தது. 2006இல் ஆட்சி மாறியதும் அவை மறுபடி பேரூராட்சிகள். இரண்டு முறையும் மக்களை யாரும் கேட்கவில்லை. ஊர், நகரம் என்ற பகுப்பு நிதியின் சொல்லாடலாக இருக்கிறதே தவிர வாழ்க்கையின் விவரணையாக இல்லை.

பழைய சீமைகளே தேவலாம் என்று நம்மிலேயே சிலர் கிளம்பக்கூடும். தொதநாடு, பொரங்காடு, மேக்குநாடு, குந்தெ: சரி, படகர்களின் நினைவில் இவை உயிரோடு இருப்பவை. ஆனால் அந்த வரைபடத்தில் எல்லை வகுக்கும் உரிமை குறும்பருக்கோ இருளருக்கோ இருந்ததா? ஏக்கத்தை அரசியலாக்க வேண்டாம்.

1996இல் வந்த பெசா சட்டம் பழங்குடி கிராமசபைக்குத் தனி அதிகாரம் தந்தது. ஆனால் அது ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும். தமிழகத்தில் ஓர் அங்குல நிலம்கூட அந்த அட்டவணையில் கிடையாது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என ஆறு குடிகளும் வார்டு வார்டாகச் சிதறி, பல இடங்களில் சிறுபான்மையாகவே எண்ணப்படுகிறார்கள். பேரூராட்சி எல்லைக்குள் விழுந்துவிட்டால் கிராமசபையும் இல்லை. 2022இல் நகர்ப்புறங்களுக்கென வந்த பகுதிசபையை அதற்கு ஈடென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி எந்த ஊராட்சியின் பெயர்ப்பலகையை மாற்றுவதென்றாலும் முதலில் அந்த ஊர்க் கிராமசபையில் வைக்கட்டும். லைன் வீடுகளுக்கும் பாடிகளுக்கும் மந்துகளுக்கும் ஆள் போய்ச் சொல்லட்டும். கூட்டத்தை வேலைநாளில், கொழுந்து எடை போடுகிற நேரத்தில் மட்டும் வைக்காதீர்கள்.