120 படங்களில் எதை வைத்துக்கொள்வது?

தற்காப்புக் கலைப் போட்டிப் படங்கள் இப்போது சமூக ஊடகத்தில் கொட்டிக் கிடக்கின்றன. டேக்வாண்டோ, கராத்தே, சிலாட் எதுவானாலும் கிட்டத்தட்ட ஒரே படம்தான். கால் உடலில் படுகிறது, வியர்வை தெறிக்கிறது, அடி வாங்கியவரின் வாய் கோணியிருக்கிறது. கீழே ‘செம ஷாட் ப்ரோ!’ என்று பத்துப் பேர். ஷாட் செமதான். ஆனா அதுல சிலாட் எங்க இருக்கு?

பழியை மிரர்லெஸ் கேமரா மீது போட முடியாது. அது நிஜமான சிக்கல்களைத் தீர்த்திருக்கிறது. சத்தமில்லாமல் எடுக்கலாம், ஆட்டக்காரரின் கண்ணைக் கேமராவே பின்தொடரும். முன்பு மின்னணு ஷட்டரில் எடுத்தால், சென்சார் வரிவரியாகப் படிப்பதால், சுழலும் சிலம்பக் கம்பு வில்லாக வளைந்து தெரியும். 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III சென்சார் முழுவதையும் ஒரே நொடிப்பில் படிக்கிறது. கம்பு நிமிர்ந்துவிட்டது. நொடிக்கு 120 படங்கள் வேறு. பட்டனை அழுத்துவதற்குச் சற்று முன் நடந்ததையும் பிடித்து வைக்கும்.

ஆக, தருணத்தைத் தவறவிடுவது இனி பெரிய பிரச்சினை இல்லை. எதை வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் பிரச்சினை.

1965இல் கீழே விழுந்த சன்னி லிஸ்டனைப் பார்த்து முகம்மது அலி கத்தும் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எடுத்தவர் நீல் லைஃபர், அப்போது வயது 22. மேடைக்கு மேலே கட்டியிருந்த ஃபிளாஷ் விளக்குகள் ஒருமுறை எரிந்தால் மறுபடி தயாராக நேரமாகும். சரமாரியாக எடுக்க வழியே இல்லை. அந்தப் படத்தில் குத்து கிடையாது. குத்துக்குப் பின்னால் வந்ததுதான் இருக்கிறது.

சிலாட்டுக்கு வருவோம். குத்துக்கு 1 புள்ளி, உதைக்கு 2, எதிராளியைச் சாய்த்தால் 3. ஆட்டத்தின் விதியே சாய்ப்பதைத்தான் உயர்ந்தது என்கிறது. நம் படங்களிலோ உதைதான் ராஜா. காரணம் எளிது. உதை ஒரே ஃபிரேமில் புரிந்துவிடும். சாய்ப்பது அப்படியில்லை. காலைப் பிடிக்கணும், எடையை வாங்கணும், திருப்பணும். பழகாத கண்ணுக்கு அது கறுப்பு உடையில் இரண்டு பேர் பின்னிக் கிடக்கும் குழப்பம். எடுத்தவர் அழித்துவிடுகிறார். தாக்கும் முன் நிற்கும் ‘சிக்காப் பாசாங்’ நிலையும், ‘லங்கா’ எனும் காலடி வைப்பும் அதே குப்பைக்கூடைக்குத்தான் போகின்றன. கலையைத் தெரியாதவர் கையில் 120 படம் இருந்தாலும் அவர் வைத்துக்கொள்வது உதையைத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. பள்ளிப் போட்டியில் அடி வாங்கும் ஒரு பையனின் முகம் ஆயிரத்தில் ஒரு நொடி மட்டும் அப்படிக் கோணுகிறது. அரங்கில் இருந்த யாரும் அதைப் பார்க்கவில்லை, அவன் அம்மா உட்பட. கேமராதான் பார்த்தது. அதைப் பொதுவில் போடுவது கேமரா எடுத்த முடிவல்ல. மறுநாள் வகுப்பில் அந்தப் படம் ஃபோன் ஃபோனாகச் சுற்றும்போது, அவன் மூன்று சுற்றும் தாக்குப்பிடித்தது யாருக்கும் தெரியாது.

படம் எடுக்கும் நண்பர்கள் லென்ஸுக்குச் செலவழிப்பதில் கொஞ்சத்தை, ஒரு மாதம் களத்தில் போய் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்ப்பதற்குச் செலவழிக்கலாம். அப்புறம் அந்த அழித்த படங்களைத் திறந்து பாருங்கள்.