குழூஉக்குறியில் குழு எங்கே?

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமணர், 13ஆம் நூற்றாண்டினர். தகுதி வழக்கு மூன்றில் ஒன்றாகக் குழூஉக்குறியைச் சொல்கிறார். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது உரைகாரர் காட்டும் உதாரணம். வெளியாளுக்குத் தெரியாமல் மறைக்கும் பேச்சு என்றுதான் பள்ளியில் எனக்குச் சொல்லித் தந்தார்கள். வியாபாரியான எனக்கு அந்த விளக்கம் போதவில்லை.

தாராவியில் அப்பா ஜவுளிக் கடை வைத்திருந்தார். கொள்முதல் விலையைத் துணிச்சீட்டில் எழுத்துகளாகக் குறிப்பார். எந்த எழுத்து எந்த எண் என்பது அவருக்கும் கூட்டாளிக்கும் மட்டுமே தெரியும். கூட்டாளி முதலில் போனார், பிறகு அப்பா. மிஞ்சிய சீட்டுகளை நான் படித்துப் பார்த்தேன். 'ம' நாலு என்றாலும் பொருந்தியது, ஏழு என்றாலும் பொருந்தியது. 'தப்புடா' என்று சொல்ல ஆளில்லை. மறைப்பு முழுசாக இருந்தது; பொருள்தான் போய்விட்டது.

விட்கென்ஸ்டைன் மறைந்தபின் 1953இல் வெளியான 'மெய்யியல் ஆய்வுகள்' இதைத்தான் ஆராய்கிறது. விதிப்படி நடப்பது வேறு, நடப்பதாக நினைப்பது வேறு. தனியொருவன் மனசுக்குள் அந்த வேறுபாடு நிற்காது. இதை நம்மவர் முன்பே சொல்லிவிட்டார் என்று பெருமையடிக்க வரவில்லை. பவணந்தியார் வகைப்படுத்தினார், கேள்வியை எழுப்பியவர் விட்கென்ஸ்டைன். ஆனால் அந்தக் கேள்வியோடு படித்தால், குழூஉக்குறியில் கனமான பகுதி 'குறி' அல்ல, 'குழூஉ' என்று விளங்கும்.

நெருளில் என் பேத்தி, இந்திப் பழக்கத்தில், 'பஸ் வந்தாள்' என்றாள். 'வந்துச்சும்மா' என்று திருத்தினேன். இப்படித் திருத்த நாலு பேர் இருக்கும்வரைதான் அவளுக்குத் தமிழ் ஒரு மொழி. இல்லாவிட்டால் அது அப்பாவின் துணிச்சீட்டு.